முப்பத்தேழு சிவப்பு வட்டங்கள்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, டீ வருகிற நேரத்தில், வேலாத்தாள் கம்ப்யூட்டர் ரூம் வாசலில் வந்து நின்றாள். கம்பெனியில் பதினாறு வருடமாக இருப்பவள்; அந்த ரூம் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, நீள நோட்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்ததும் கீர்த்தனாவுக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

"அம்மிணி, கூண்டு காலியா இருக்குதுங்க."

"எந்தக் கூண்டுங்க்கா?"

"செவப்புக் கூண்டு. கணியூர்ல கொழுந்தனாரு பொண்ணுக்குச் சீருன்னு மூணு நாளு லீவுல போயிருந்தனுங்க. இன்னிக்கு வந்து பாத்தா ஒரு பண்டலுகூட இல்லீங்க. முப்பத்தேழு இருந்துச்சு. சுரேந்தர் சாரைக் கேட்டா, 'சிஸ்டத்துல கிளியர் ஆயிருச்சு, நீ போயி உன்ற வேலையைப் பாரு'ங்கறாரு. நுனி கெடைக்காம எப்படிங்க அம்மிணி கிளியர் ஆகும்?"

இந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் முதலில் ஊசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல்லடம் ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிற அந்தக் கம்பெனி தைப்பது பிறந்த குழந்தைகளுக்கான துணி. நானூறு மிஷின் ஓடுகிற இடத்தில் நாளுக்கு இருபது ஊசி உடையத்தான் செய்யும், அதில் தப்பில்லை. உடைந்ததும் டெய்லர் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு ஊசி ரூமுக்கு ஓடி வர வேண்டும். ஊசி ரூம் வேலாத்தாளுடையது. அவள் துண்டுகளை நோட்டில் வரிசையாக வைத்து, செலோ டேப் ஒட்டி, முழு ஊசி தேறுகிறதா என்று பூதக்கண்ணாடி பிடித்துப் பார்ப்பாள். தேறினால்தான் புது ஊசி கிடைக்கும். நுனி குறைந்தால் மிஷினை நிறுத்தி, தரை முழுக்கக் காந்தம் போட்டுத் தேடுவார்கள். அப்படியும் அகப்படவில்லையென்றால் அந்த நேரத்தில் மிஷினில் இருந்த பண்டல், இருபது பீஸும் அப்படியே, சிவப்புக் கூண்டுக்குள் போய்ப் பூட்டப்படும். நோட்டில் நுனி இருந்திருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பேனாவால் வேலாத்தாள் ஒரு வட்டம் போட்டு வைப்பாள்.

கடைசியில் எல்லாப் பீஸும் ஊசி பிடிக்கிற பெல்ட் மிஷினுக்குள் போய்த்தானே வருகிறது என்பீர்கள். வருகிறதுதான். கடுகளவு இரும்பு இருந்தால் அது ஊரைக் கூட்டும். அதற்கும் சின்ன நுனி என்றால் வாயே திறக்காது. பிறந்து பத்து நாளான குழந்தையின் கழுத்து மடிப்புக்கு அந்தச் சின்ன நுனி தாராளமாகப் போதும். கூண்டு வைத்திருப்பதே அதற்காகத்தான்.

கீர்த்தனா நோட்டை வாங்கி, கடைசி வட்டத்தின் பக்கத்தில் எழுதியிருந்த பண்டல் எண்ணை அடித்துப் பார்த்தாள். அப்படி ஒன்று இல்லை என்றது திரை. அதற்கு முந்தின எண்ணை அடித்தாள். அதுவும் இல்லை. முப்பத்தேழு எண்ணையும் ஒவ்வொன்றாக அடித்தாள். ஒன்றுகூட இல்லை. எட்டு மாத வயிற்றுக்குள் குழந்தை புரண்டு கொடுத்தது. அவளுக்குப் பயம் என்றால் அப்படியொரு பயம் வந்தது. ஏனென்றால் அவை எங்கே போயிருக்கும் என்று அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் கையால் எழுதிய சிஸ்டம் அது. ஏழு வருடத்துக்கு முன்னால், குண்டடத்திலிருந்து பஸ் ஏறி வேலைக்கு வந்த புதிதில் எழுதியது. கம்பெனிக்குள் இருக்கும் ஒவ்வொன்றும் அதில் ஒரு உருப்படி. ஒரு பீஸ் ஒரு உருப்படி, ஒரு பண்டல் ஒரு உருப்படி, மிஷின், ஊசி, டெய்லர், அட்டைப்பெட்டி எல்லாமே அப்படித்தான். ஒவ்வொரு உருப்படியும் இன்னொன்றோடு நூலால் கட்டியதுபோல் கட்டப்பட்டிருக்கும். ஆர்டரைப் பிடித்து இழுத்தால் பண்டல் வரும், பண்டலை இழுத்தால் பீஸ் வரும், பீஸை இழுத்தால் தைத்தவள் பெயரும் தைத்த மணியும் வரும். அப்போது மொத்தமே ரெண்டு லட்சம் உருப்படி. சிஸ்டம் பஞ்சாய்ப் பறந்தது.

அப்புறம் வந்தார் வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிற புதுப் பையர். துணிக்குப் பஞ்சு விளைந்த காட்டிலிருந்து பட்டன் வைத்த நிமிஷம் வரைக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் தனித்தனியாகக் கணக்கு வேண்டும் என்றார். எம்.டி. திருமூர்த்தி, "அதுக்கென்ன, நம்ம அம்மிணி பண்ணிப் போடும்" என்று ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். ரெண்டு லட்சம் ரெண்டு கோடியாச்சு. ஒரு வருடத்தில் பதினொரு கோடி. அடேயப்பா, சிஸ்டத்துக்கு மூச்சு முட்டிப்போனது. ஒரு பீஸை ஸ்கேன் செய்தால் பதில் வர நாற்பது செகண்டு. பேக்கிங் டேபிளில் பெண்கள் ஸ்கேனரைக் கையில் பிடித்தபடி சிலைமாதிரி நின்றார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் சுரேந்தர் நாளுக்கு நாலு தரம் கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்து கத்திவிட்டுப் போனான்.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். பெரிய சர்வர் வாங்கச் சொன்னாள். ஒரே இடத்தில் அடைந்து கிடந்ததை நான்கு சர்வராகப் பிரித்து வைத்தாள். அது கொஞ்ச நாள் தாங்கியது, பிறகு பழையபடி இழுத்தது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. பதினொரு கோடியில் பாதிக்குமேல் குப்பை: வெட்டிப் போட்ட சாம்பிள், ரத்தான ஆர்டர், யாரும் இனிமேல் கேட்கப் போகாத உருப்படிகள். ஆர்டர்களில் தொடங்கி நூலைப் பிடித்துக்கொண்டே போவது. நூலில் அகப்படுவதெல்லாம் இருக்கட்டும், எந்த நூலிலும் அகப்படாமல் தனியாகக் கிடப்பதைக் கூட்டித் தள்ளிவிடுவது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மிஷின் ஓடாத நேரத்தில் ஓடுகிற மாதிரி எழுதி, விளையாட்டாக அதற்குச் 'சீமாறு' என்று பெயரும் வைத்தாள். ஐந்து வாரத்துக்கு முன்னால் அதை ஓடவிட்டாள். திங்கட்கிழமை காலை ஸ்கேன் செய்தால் ஒரு செகண்டில் பதில் வந்தது. பேக்கிங் பெண்கள் கை தட்டினார்கள். எம்.டி. எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

ஜிலேபி தின்ற யாருக்கும் கூண்டு ஞாபகம் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ரெண்டு வருடத்துக்கு முன்னால் சுரேந்தர் வந்து, "கூண்டுல கெடக்கற பண்டலெல்லாம் ஆர்டர் கணக்குல குறையாத் தெரியுது, எம்.டி. என்னை வாங்கு வாங்குன்னு வாங்கறாரு. அதை ஆர்டர்ல இருந்து அவுத்து விட்ருங்களேன்" என்று கேட்டிருந்தான். நியாயமாகத்தான் பட்டது. அவிழ்த்துவிட்டாள். கூண்டுக்குள் போகிற பண்டல் அன்றிலிருந்து எந்த ஆர்டரோடும் கட்டப்படாமல் தன்னந்தனியாக நின்றது. சீமாறு வந்தபோது அதைப் பிடித்து நிறுத்த நூல் என்று எதுவுமே இல்லை; குப்பையோடு குப்பையாகப் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. சிஸ்டம் மெதுவாக இருந்த நாட்களில் பதில் வராத பீஸெல்லாம் ஸ்கேனரில் சிவப்பு காட்டி பேக்கிங் நின்றுபோனது. "பதில் வல்லீன்னா பச்சை காட்டச் சொல்லுங்க, நிறுத்தி வெச்ச பீஸுன்னா ஹோல்டுன்னு அதுவே சொல்லப் போகுது" என்றான் சுரேந்தர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஒரே ஒரு வரி. மாற்றி எழுதினாள்.

"எந்திரிங்க்கா, போய்ப் பாக்கலாம்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

பேக்கிங்கில் அன்புசெல்வி நின்றிருந்தாள். அந்த டேபிளுக்கு அவள்தான் பொறுப்பு. கேட்டதும் மறைக்காமல் சொன்னாள். "செவ்வாக்கெழம எழுநூறு பீஸுக்கு மேல ஷார்ட்டேஜ் வந்துருச்சுங்க மேடம். சுரேந்தர் சார் கூண்டைத் தொறந்துட்டு, ஸ்கேன் பண்ணிப் பாரு, பச்சை வந்தா எடுத்துக்கன்னாருங்க. அத்தனையும் பச்சைங்க. கொறையற பொட்டியில எல்லாம் ரெண்டு, மூணுன்னு போட்டு நெரப்பீட்டம். ஏனுங்க மேடம், ஏதாச்சும் தப்புங்களா?"

கீர்த்தனா திரும்பிப் பார்த்தாள். லோடிங் மேடையில் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைப்பெட்டி கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தது. தூத்துக்குடிக்குப் போகிற கன்டெய்னர் லாரி நாலு மணிக்கு. இருபத்து நாலாயிரம் சொச்சம் பீஸ். அதற்குள் எழுநூற்று நாற்பது. அந்த எழுநூற்று நாற்பதுக்குள் முப்பத்தேழு நுனி, எந்தக் கழுத்திலோ, எந்தக் கை மடிப்பிலோ. எந்தப் பீஸ் எந்தப் பெட்டியில் என்று சொல்ல வேண்டிய உருப்படிகள் அழிந்துவிட்டன. கடைசி ஏழு நாளுக்கு மட்டும் சிஸ்டத்தின் நகல் ஒன்று உண்டு. அந்த முப்பத்தேழில் முப்பத்து நாலு அதிலும் இல்லை. அதற்கு மேல் நகல் வைக்க இடமில்லை என்று பழசையெல்லாம் அழிக்கச் சொன்னவளும் அவள்தான். துணியின் பஞ்சு எந்தக் காட்டில் விளைந்தது என்று சொல்லும் சிஸ்டத்துக்கு இது மட்டும் தெரியாது. அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது.

அழுதால் லாரி நிற்குமா? ரூமுக்குத் திரும்பி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தவளுக்கு, கால் மணி நேரம் கழித்து ஒன்று பொறி தட்டியது. பெட்டியை மூடும்போது உள்ளே அறுபது பீஸ் என்று எண்ணிக்கை விழும். ஆனால் அந்தப் பெட்டியோடு கட்டியிருக்கும் பீஸ் உருப்படிகளை எண்ணினால் ஐம்பத்தெட்டுதான் இருக்கும். அந்த ரெண்டுதான் கூண்டிலிருந்து வந்தது. பெட்டியைத் திறந்து ஸ்கேன் செய்தால் எந்தப் பீஸுக்குப் பதில் வரவில்லையோ அதுதான் அது. இல்லாமல் போனதே அடையாளம்! அவசரமாக எழுதி ஓடவிட்டாள். இருநூற்று எண்பத்தாறு பெட்டிகள் வந்தன. நான்கு பக்கம். அச்சடித்து எடுத்துக்கொண்டு, வேலாத்தாளின் நோட்டையும் கையில் பிடித்துக்கொண்டு எம்.டி. ரூமுக்குப் போனாள்.

திருமூர்த்தி கெட்ட மனிதர் என்று சொன்னால் அது பொய். மூலனூர்ப் பக்கம் முருங்கை போட்டிருந்த குடும்பம். ஒற்றை மிஷினில் தொடங்கி நானூறுக்கு வந்தவர். கம்பெனியில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் 'தொட்டில் கவர்' என்று ஒன்று தருவார். அப்போது ஓடுகிற லாட்டிலிருந்து புதுப் பீஸ் ஆறு, சலவை செய்து, கவரில் போட்டு, தன் கையாலேயே. அங்கே வேலை செய்கிறவர்களின் குழந்தைகள் பிறந்ததும் முதலில் உடுத்துவது அந்தத் துணியைத்தான். அதில் அவருக்குப் பெரிய பெருமை.

"உக்காரு அம்மிணி, நிக்காத" என்றார்.

அவள் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். கூண்டு, ஆர்டரிலிருந்து அவிழ்த்தது, சீமாறு, பச்சை, எல்லாம். "தப்பு என்ற மேலதானுங்க சார். என்னை என்ன வேணாப் பண்ணுங்க. அந்த லாரி போகக் கூடாதுங்க. இருநூத்தி எம்பத்தாறு பொட்டி. நாலு லைனை ஒக்கார வெச்சா ரெண்டு நாள்ல பிரிச்சு எடுத்துரலாமுங்க."

அவர் சுரேந்தரைக் கூப்பிட்டார். சுரேந்தர் வந்து டேப்லெட்டை நீட்டினான். "ஹோல்டு ஜீரோங்க சார். போன ஆடிட்ல இதுக்குத்தான பாராட்டி லெட்டர் குடுத்துட்டுப் போனாங்க."

"ஜீரோன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமில்லீங்க சார். நான் அழிச்சுட்டேன்னு அர்த்தம்."

திருமூர்த்தி நோட்டைப் புரட்டினார். டேப்புக்கு அடியில் பாதி ஊசிகள், பக்கத்தில் சிவப்பு வட்டங்கள். ஒரு வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மூடினார். "இது கை நோட்டு அம்மிணி. பையர் பாக்கறது சிஸ்டத்தை. சிஸ்டத்துல இல்லாத ஊசிக்கு நான் எங்க போறது, சொல்லு? சனிக்கெழம கப்பலு. ரெண்டு நாளுக்கு அது நிக்குமா? இந்த ஆர்டரு போச்சுன்னா அடுத்த மாசம் கேட்டுக்குப் பூட்டுதான்." நோட்டைத் தன் மேஜை டிராயருக்குள் வைத்துச் சாவியைத் திருப்பினார்.

"சார், கொழந்தைங்க போடற துணிங்க சார்."

"போடட்டும். ஒண்ணும் ஆகாது. நீ சும்மா அலட்டிக்காத. வயித்துப் புள்ளைக்காரி, பிரசவ லீவுக்குச் சனிக்கெழம வரைக்கும் எதுக்குக் காத்திருக்கோணும்? இன்னியோட லீவு எடுத்துக்க. நல்லபடியா பெத்துப் பொழச்சு வா சாமி." எழுந்து பின்னாலிருந்த பீரோவைத் திறந்தார். தயாராக இருந்த தொட்டில் கவரை எடுத்தார். வெள்ளை வெளேரென்று ஆறு பீஸ். ரெண்டு கையாலும் பிடித்து அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "இது எந்த லாட்டுங்க சார்?"

நீட்டிய கை அப்படியே நின்றது. சுரேந்தர் டேப்லெட்டில் எதையோ தேடுகிறவன்போல் தலையைக் குனிந்துகொண்டான். திருமூர்த்தி கவரைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். மெள்ளத் திரும்பி, கவரைப் பீரோவுக்குள்ளேயே வைத்துச் சாத்தினார்.

"உனக்கு... கடையில நல்லதா எடுத்துத் தரச் சொல்றன்" என்றார்.

வாய்விட்டு ஒத்துக்கொண்டிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நம்பவும் செய்கிறார், தெரிந்தே அனுப்புகிறார். அதுவரைக்கும் தன்மேல் இருந்த கோபமெல்லாம் கீர்த்தனாவுக்குத் திசை மாறியது. நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

லீவு என்று சொல்லியாயிற்று, ஆனால் சிஸ்டத்துக்குள் போகும் அனுமதி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அந்த ஒற்றை வரியைத் தேடி எடுத்தாள். பதில் வராவிட்டால் பச்சை என்றிருந்ததைச் சிவப்பு என்று மாற்றினாள். பெட்டியில் எண்ணிக்கை உதைத்தால் பெட்டியும் சிவப்பு என்று கீழே இன்னொரு வரி சேர்த்தாள். மணி ரெண்டே முக்கால்.

மூன்று மணிக்கு லோடிங் ஆரம்பித்தது. முதல் பெட்டி சிவப்பு. ரெண்டாவது சிவப்பு. மூன்றாவது பச்சை, நாலாவது சிவப்பு. ஸ்கேனர் பீப் பீப் என்று அலறியது. லோடுமேன்கள் பெட்டியைத் தோளில் வைத்தபடி நின்றார்கள். சுரேந்தர் ஓடி வந்து கண்ணாடிக் கதவை அறைந்து திறந்தான். "ஏனுங்க, கம்பெனியை மூடறதுன்னு முடிவு பண்ணீட்டீங்களா? எடுங்க அதை!"

"எடுக்க மாட்டனுங்க."

"எம்.டி.கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லுங்க. சிஸ்டத்துல என்ன இருக்குதோ அதுதான் நெசம்னு அவருதான சொன்னாரு? இப்ப சிஸ்டத்துல செவப்பு இருக்குது."

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். சிவப்புப் பெட்டிக்கு பேக்கிங் லிஸ்ட் விழாது, லிஸ்ட் இல்லாமல் கன்டெய்னருக்குச் சீல் வைக்க முடியாது. பதினைந்து நிமிஷம் லாரி சும்மா நின்றது. அப்புறம் திருமூர்த்தி தானே இறங்கி லோடிங் மேடைக்கு வந்தார். ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் யாரையும் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆபீஸிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்துவரச் சொன்னார்.

"சிஸ்டத்தைத் தூக்கி அக்கட்ட வையி" என்றார். "கையில எழுதி ஏத்து."

கேட்டீர்களா நியாயத்தை? பன்னிரண்டு மணிக்கு, கை நோட்டு செல்லாது, சிஸ்டம்தான் பேசும். மூன்று மணிக்கு, சிஸ்டம் செல்லாது, கை நோட்டுதான் பேசும். அன்புசெல்வி பெட்டி எண்களைச் சொல்லச் சொல்ல சுரேந்தர் தன் கைப்பட எழுதினான். நானூற்றுப் பன்னிரண்டும் ஏறின. நாலு இருபதுக்குக் கதவைச் சாத்திச் சீல் வைத்தார்கள். லாரி கேட்டைத் தாண்டி ரோட்டில் திரும்பியது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அது குண்டடம் தாண்டிப் போகும். அந்நேரத்துக்கு ரோட்டோரம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருக்கும் அவள் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். தினம் எத்தனையோ லாரி போகிறது.

கீர்த்தனா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கால் வீங்கி, செருப்பு வாரில் இறுக்கியது. ஊசி ரூம் வாசலில் வேலாத்தாள் உள்ளங்கையில் எதையோ ஏந்தியபடி நின்றிருந்தாள்.

"அஞ்சாம் லைன்ல ஒண்ணு ஒடஞ்சிருச்சுங்க அம்மிணி. ஒடிசாக்காரப் புள்ளை கொண்டாந்து குடுத்துச்சு. காந்தம் போட்டுத் தேடியாச்சு. நுனி கெடைக்கலீங்க." கையை விரித்துக் காட்டினாள். பாதி ஊசி. "நோட்டு சாரு டிராயர்ல இருக்குது. நான் இதை எதுல எழுதட்டுங்க?"

 கீர்த்தனா பையைத் திறந்து அந்த நான்கு பக்கத்தை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி மேஜைமேல் வைத்தாள். வேலாத்தாள் வெள்ளைத் தாளில் பாதி ஊசியை வைத்து, டேப் ஒட்டி, நகத்தால் தேய்த்து அழுத்தினாள். நுனி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம் போட்டாள். முப்பத்தெட்டு. லைன், மிஷின், பண்டல் எண், மணி எல்லாவற்றையும் கீர்த்தனா எழுதினாள்.

"பண்டலைக் கூண்டுல போட்றட்டுங்களா?"

"வேண்டாங்க்கா. உங்க ரூமுக்குள்ளயே பூட்டி வைங்க. சாவியை யாருக்கும் குடுக்காதீங்க."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கும். பையர் ஒட்டச் சொன்னது. 'உங்கள் குறைகளை எங்களிடம் நேரடியாகத் தெரிவியுங்கள்' என்று தமிழிலும் இந்தியிலும் போட்டு, கீழே ஒரு வாட்ஸ்அப் எண். தினம் ஆயிரம் பேர் அதைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடிப்பார்கள். கூப்பிட்டவர்கள் யாருமில்லை, கூப்பிட்டால் அடுத்த நாள் வேலை இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். கீர்த்தனா அங்கே நின்று நான்கு பக்கத்தையும் வட்டம் போட்ட பக்கத்தையும் போட்டோ எடுத்தாள். கன்டெய்னர் எண் எழுதினாள். எந்தெந்தப் பெட்டி, ஏன் என்று எழுதினாள். 'பதிவுகளை அழித்தது நான்தான்' என்று எழுதி, அடியில் தன் பெயரைப் போட்டாள்.

"என்ற பேரையும் போடுங்க அம்மிணி" என்றாள் வேலாத்தாள்.

"வேலை போயிருமுங்க்கா."

"போனாப் போவுது. வட்டம் போட்டவ நானுதானுங்க?"

அந்தப் பெயரையும் சேர்த்து அனுப்பினாள். ரெண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. வேலாத்தாள் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, ஒடனே வந்துருச்சு! என்னன்னு போட்டிருக்குதுங்க?"

கீர்த்தனா வாசித்தாள். 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. நன்றி.' அடியில் புகார் எண். பதிமூன்று இலக்கம்.

யாரும் வாசித்துவிட்டு அனுப்பிய பதில் இல்லை அது. அவ்வளவு வேகத்தில் மனிதர்கள் பதில் சொல்வதில்லை. அவளே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாள். பதிமூன்று இலக்கம் என்றால் அங்கேயும் உருப்படிகள் கோடிக்கணக்கில் இருக்கும். அதையெல்லாம் வேகமாக ஓட வைக்கச் சொல்லி யாரோ ஒருத்தியைத் தினம் நாலு தரம் வந்து கத்திவிட்டுப் போவார்கள். இந்தப் புகாரை எந்த ஆர்டரோடு கட்டியிருப்பார்கள்? எதோடாவது கட்டியிருப்பார்களா?

"என்னங்க அம்மிணி, லாரியை நிறுத்தீருவாங்களா?"

"தெரியலீங்க்கா" என்றாள் கீர்த்தனா.

அந்த எண்ணைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அன்று வியாழன். அங்கேயும் ஒரு சீமாறு ஓடுமென்றால், ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.